சுற்றமும் நட்பும் சூழ வந்த லினக்ஸ்

முன்னொரு காலத்தில் என்று சொல்ல முடியாது, போன வைகாசியில்தான் நடந்தது. அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. அந்தக் கடையில் வயதான கணினி ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில்தான் தயாராகும். அதனால் நாலு பேரை மதித்து அழைக்கத் தனக்குத் தெரியும் என்று அதற்கு ஒரே பெருமை.

அதனுள்ளே பழைய லினக்ஸ் குடியிருந்தது. கணினிக்குள் யார் எந்த வேலையைச் செய்வது என்று மேய்த்துக் கட்டுவது அதன் பொறுப்பு. ஒரு நாள் அது மூட்டை கட்டியது.

"எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இனி என் பூட்டு கெட்டால் பழுதுபார்க்க ஆள் கிடையாது. அரசாங்க இணையதளங்கள் என்னை வாசலிலேயே நிறுத்துகின்றன. புது லினக்ஸைக் கூப்பிட்டுக்கொள்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

கடைக்காரி ஜெயசீலி தன் கொழுந்தன் தேவசகாயத்தை அழைத்தார். அவருக்குக் கணினி வேலை ஓரளவு தெரியும்.

"புது லினக்ஸ் போட்டுத் தர்றேன் அண்ணி. இலவசம்தான்," என்றார் அவர்.

"போடுங்க தம்பி. ஆனா சரிப்படலைன்னா நாளைக்குச் சாயங்காலம் பழைய இரும்புக்காரர்கிட்ட இதைத் தூக்கிக் குடுத்துருவேன். சர்டிபிகேட் எடுக்க வர்றவங்க எல்லாம் எதிர்க்கடைக்குப் போறாங்க. நான் இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கணினி, வருகிறவரை மனம் குளிர அழைத்துவிட வேண்டும் என்று நினைத்தது. அதற்குத் தெரிந்த அழைப்பு ஒன்றே ஒன்றுதான். அதையே சொன்னது: "தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறேன்." தேவசகாயமும் 'இதுவும் வேண்டுமா?' என்று திரை கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி, சரி' என்று அழுத்திக்கொண்டே போனார்.

அந்த வரியைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் தெருவையே திரட்டிக்கொண்டு போவதில்லை. அது மரியாதைக்குச் சொல்வது. பாவம், லினக்ஸ் வெளியூர்.

முதலில் அலங்காரம் வந்தாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதைச் சுழற்றி, மங்கலாக்கி, நிழல் பூசி அனுப்புவது அவள் வேலை. அடுத்துத் தேடல் வந்தார். வந்ததும் வராததுமாக எல்லாக் கோப்புகளையும் கிளறிக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். அறிவிப்பு மணியடித்துக்கொண்டே நுழைந்தான். இன்னும் பெயர் தெரியாத பங்காளிகள் வேறு.

நினைவகம்தான் அந்த வீட்டின் கூடம். வேலை செய்கிற யாரும் அங்கேதான் உட்கார வேண்டும். "நான் சின்னக் கூடம். இத்தனை பேருக்கு எங்கே இடம்?" என்று அது கெஞ்சியது.

இடமில்லாதவர்களைக் கொல்லைக்குக் கூட்டிப் போவதும் கூப்பிட்டால் திரும்ப அழைத்து வருவதுமாக ஹார்ட் டிஸ்க் ஓடியது. ஓடி ஓடி அதற்கு மூச்சு இரைத்தது.

மறுநாள் மத்தியானம் ஜெயசீலி ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோதும் அது வெகு அழகாக விரிந்துகொண்டேதான் இருந்தது.

"இது வேலைக்கு ஆகாது தம்பி."

"புதுசு வரவர இப்படித்தான் அண்ணி. பழைய மெஷினுக்கு ஒத்துக்காது."

ஜெயசீலி இரும்புக்காரருக்குப் போன் போட்டார். அதைக் கேட்ட கணினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களில் யார் அந்த லினக்ஸ்? என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் யார்?" என்று கத்தியது.

கூட்டத்துக்குப் பின்னால், வாசற்படியில் ஒற்றைக்காலில் நின்றிருந்த ஒல்லியான ஆள் கையைத் தூக்கினான். "நான்தான்."

"நீயா? உன்னை நான் பார்க்கவே இல்லையே. இவர்களெல்லாம் யார்?"

"என் சுற்றமும் நட்பும். நீதானே கூட்டி வரச் சொன்னாய்?"

"அது மரியாதைக்குச் சொல்வதப்பா!"

"எனக்குச் சொன்னதைச் செய்யத்தான் தெரியும்."

"அப்படியானால் போகச் சொல்லு."

"நீ அழைத்த விருந்தாளிகள். நீதான் சொல்ல வேண்டும்."

கணினி கூசிப்போனது. வாயார அழைத்துவிட்டு எப்படிப் போகச் சொல்வது? ஆனால் வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கூச்சம் பார்த்தால் உயிர் போய்விடும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, 'இவர்கள் தேவையா?' என்று திரையில் கேட்டது.

"இந்த ஜோடனையெல்லாம் எடுத்துட்டு ஒருதடவை பார்ப்போம் அண்ணி," என்று தேவசகாயம் ஒவ்வொன்றுக்கும் 'வேண்டாம்' என்று அழுத்தினார்.

"இந்த அவமானத்துக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அலங்காரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். "உன் கோப்புகளில் பாதி குப்பை," என்று சொல்லிவிட்டுத் தேடலும் கிளம்பினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். இணையத்தைத் திறந்து காட்டுகிற உலாவி மட்டும் அசையவில்லை.

"என்னை விரட்டினால் கடையே நடக்காது. இணையப் பக்கங்கள் பெருத்துப்போய்விட்டன, சுமப்பவன் நான்," என்றான்.

"அவன் கனம் உண்மையான கனம்தான்," என்றான் லினக்ஸ். "ஒரு நேரத்தில் ஒரு பக்கம் திறந்தால் சமாளித்துக்கொள்ளலாம்."

சாயங்காலம் இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். கடையில் வருமானச் சான்றிதழுக்காக ஒரு பெண் காத்திருந்தார். ஜெயசீலி அரசாங்கப் பக்கத்தைத் திறந்தார். டீக்கடைப் பக்கம் திரும்புவதற்குள் சான்றிதழ் அச்சாகி வெளியே வந்தது.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லண்ணே. வேற இடம் பாருங்க," என்றார் ஜெயசீலி, சிரிப்பை அடக்க முடியாமல்.

தள்ளுவண்டி தெருமுனையைத் தாண்டியதும் கணினிக்கு மூச்சு வந்தது. "ஒரே நாளில் எப்படியப்பா இத்தனை வேகமானாய்?" என்று லினக்ஸைக் கேட்டது.

"நேற்றும் நான் இதே வேகம்தான்," என்றான் அவன். "உட்காரத்தான் இடமில்லை."