நாய் இல்லாத சங்கிலி

தள்ளிப் படு. காலை நீட்டு. ம், இப்ப சரி. சோறு திங்காம அழுதா நாய்க்குட்டி வந்துரும்னு யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது? உங்கப்பனும் சின்னதுல இப்படித்தான், எங்கம்மாவைப் படுத்தி எடுத்தான். பாலாவது குடிச்சியே, அந்த மட்டும் போதும். சரி, கதை சொல்றேன். நடு நடுவுல "ம்" கொட்டணும். "ம்" வரலைன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன், அத்தைக்கும் இடுப்பு வலி இருக்கு.

ஒரு ஊர்ல ஒரு சங்கிலி இருந்துச்சாம். நாய்ச் சங்கிலி. புதுசு, பளபளன்னு இருக்கும், ஆட்டினா கிளிங் கிளிங்னு சத்தம் வரும். ஒரு முனையில கைப்பிடி, இன்னொரு முனையில கழுத்துப்பட்டை. எல்லாம் இருந்துச்சு, நாய் மட்டும் இல்ல. ம்?

"ம்."

அந்தச் சங்கிலிய வாங்கினது செண்பகம்னு ஒரு பொண்ணு. தையல் கம்பெனியில வேலை. காலைல ஏழரைக்கு வேன் வந்து பாம் பாம்னு அடிக்கும், வாயில இட்லியோட ஓடிப் போய் ஏறுவா. திரும்பி வர சாயங்காலம் ஆறரை ஆகும். அவ புருசன் பூவலிங்கம் லாரி ஓட்டுறவன், வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல தங்கினா பெரிசு. அப்புறம் வீட்டுல யாரு? மாமனார் அய்யாத்துரை. முப்பத்திரண்டு வருசம் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. பஸ்ஸை நிப்பாட்டணும்னா "ஓல்டான்", கிளப்பணும்னா "ரைட்டு, போலாம்". இந்த ரெண்டும் அவர் வாயில ஒட்டிக்கிடுச்சு. தட்டுல சோறு போதும்னாக்கூட ஓல்டான்னுதான் சொல்லுவாரு.

அப்படிக் கலகலன்னு இருந்த மனுசன், அவரு சம்சாரம் பேச்சியம்மா தவறிப்போன நாள்ல இருந்து வாசப்படி தாண்டலை. ரெண்டு வருசம். முடி வெட்டுறதுக்கும் ஆளு வீட்டுக்குத்தான் வரணும். வாசல்ல பேச்சியம்மாவோட செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். ரப்பர் செருப்பு. ஒரு கால்ல நீல வாரு, இன்னொரு கால்ல வாரு அந்துபோய் பச்சை வாரு மாட்டினது. வாசல் பெருக்கும்போது செண்பகம் அதைத் தொடாம சுத்திப் பெருக்கணும். ஒரு தடவை பூவலிங்கம் தெரியாம காலால ஓரமாத் தள்ளிட்டான். மனுசன் மூணு நாள் பெத்த பையன்கிட்ட பேசலை.

அப்போ இந்தச் செண்பகம் இருக்காளே, அவ ஆடு மேய்க்கிற வீட்டுப் பொண்ணு. நாலு நாய்க்கு நடுவுல உருண்டு வளந்தவ. கல்யாணம் ஆகி வந்தா, நாயே இல்லாத வீடு. ஒரு நாய் வளப்போமான்னு முதல் வருசமே கேட்டா. வீடு கட்டி முடியட்டும்னாங்க. வீடு முடிஞ்சுது, அப்புறம் மாமியாருக்கு உடம்பு சரியில்ல. அப்புறம் அந்தம்மாவும் போயிட்டாங்க, வீட்டுல சிரிப்பே இல்ல, நாய்ப் பேச்சை எங்க எடுக்க? இப்படியே இப்ப நேரம் சரியில்ல, இப்ப நேரம் சரியில்லன்னு பதினோரு வருசம் ஓடிப்போச்சு. பாவம், ரோட்டுல போற நாய்க்கெல்லாம் பிஸ்கட் போட்டு மனசை ஆத்திக்கிடுவா.

அவ கூடவே வேன்ல போற ஒருத்தி, பேரு வெள்ளத்தாயி. ரொம்ப நல்லவ. கை மணக்கச் சமைப்பா, ஆளும் லட்சணமா இருப்பா.

"அத்தை, அது நீதான?"

குறுக்க பேசாத. "ம்" மட்டும் கொட்டு. அந்த வெள்ளத்தாயி வீட்டு நாய் நாலு குட்டி போட்டுச்சு. மூணுக்கு வீடு பேசியாச்சு. மிச்சம் ஒண்ணு, வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செவலை. செண்பகம் போய்ப் பாத்தா. அது இவ கட்டைவிரலை வாயில வச்சுச் சப்பிச்சு. அவ்வளவுதான், உருகிட்டா, எனக்குக் குடுங்கக்கான்னு கேட்டுட்டா.

வெள்ளத்தாயி லேசுல குடுக்குற ஆளா? போன ஈத்துல ஒரு வீட்டுக்குக் குட்டி குடுத்து, அவங்க அதைக் கட்டிப்போட்டுட்டு மூணு நாள் திருவிழாவுக்குப் போயிட்டாங்க. தண்ணியில்லாம நாக்கு தொங்கிக் கிடந்துச்சு. வெள்ளத்தாயிதான் பூட்டை உடைச்சுத் தூக்கிட்டு வந்தா. இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது. அதுல இருந்து அவ நாய் குடுக்குறதுன்னா பொண்ணு குடுக்குற மாதிரி ஆயிரம் கேள்வி கேப்பா.

அப்போ அவ சொன்னா, குட்டி பால்குடி மறக்க இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு, அதுவரைக்கும் நாய் இல்லாமலே நீ நாய் வளத்துக் காட்டுன்னு. மூணு சோதனை. ஒண்ணு, வெறும் சங்கிலிய கையில பிடிச்சுக்கிட்டு காலைலயும் சாயங்காலமும் தெருவைச் சுத்தி வரணும், மழையோ வெயிலோ. ரெண்டு, வேளாவேளைக்குச் சட்டியில சோறும் தண்ணியும் வச்சு, கழுவிக் கவுக்கணும். மூணு, குட்டி வந்தா எதையாவது கடிச்சுக் குதறத்தான் செய்யும், அதனால உனக்கு உசிரா இருக்குற ஒரு பொருளை எடுத்து, நாய் கடிச்சுருச்சுன்னு நினைச்சுச் சட்டிப் பக்கத்துல வைக்கணும். வச்சுட்டு மூஞ்சியைத் தூக்கக் கூடாது. ம்?

"ம்."

செண்பகம் வீட்டுக்கு வந்து சோறு போடும்போது இதையெல்லாம் சொன்னா. அய்யாத்துரை சாப்பிடுறதை நிப்பாட்டிட்டாரு. வேண்டாம்மான்னாரு. கடிக்கும், முடி கொட்டும்னு சொல்லுவாருன்னு இவ நினைச்சா. அவரு சொன்னது வேற.

"அது பத்து பன்னெண்டு வருசத்துல போயிரும்மா. பழகவிட்டுட்டுப் போயிரும். இந்த வீட்டுல ஒருத்தி போனது போதும்."

இருந்தாலும் அவளுக்கு ஆசை விடலை. மறுநாள் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு, வெறும் சங்கிலிய இழுத்துக்கிட்டுத் தெருவுல நடந்தா. கிளிங் கிளிங், கிளிங் கிளிங். கோலம் போட்ட பொம்பளைங்க எல்லாம் கோலப்பொடிய விட்டுட்டு வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. டீக்கடையில ஒருத்தன், நாய் எங்கக்கா, லீவான்னு கேட்டான். இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்தா. ஊரே சிரிக்குதும்மான்னு மாமனாருக்குக் கோவம். நாலு நாள் இப்படிப் போச்சு.

அஞ்சாம் நாளு கம்பெனியில அவசர ஆர்டர். யாரும் கிளம்பக் கூடாதுன்னுட்டாங்க. வேன் வந்து இறக்கிவிடும்போது எட்டு மணி தாண்டிருச்சு. சாயங்கால நடை போச்சு. முதல் வாரத்துலயே தோத்துட்டோமேன்னு அடுப்படியில உக்காந்து அழுதா. காலைல அவ ஆணியில மாட்டிட்டுப் போன சங்கிலி, இப்ப ஜன்னல் கம்பியில தொங்குது. அழுகையில அவ அதைக் கவனிக்கலை.

அப்புறம் ஏழாம் நாளு அவளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குது, வெளிய மழை சடசடன்னு கொட்டுது. எந்திரிக்க முடியலை. சரி, இன்னைக்கும் போச்சுன்னு கண்ணை மூடிக் கிடந்தா. அப்போ தெருவுல ஒரு சத்தம். கிளிங் கிளிங். நின்னுச்சு. அப்புறம் ஒரு குரல்.

"ஓல்டான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம்:

"ரைட்டு, போலாம்."

கிளிங் கிளிங், கிளிங் கிளிங்.

சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா. அய்யாத்துரை. வேட்டிய மடிச்சுக் கட்டி, ஒரு கையில குடை, ஒரு கையில சங்கிலி. ஒவ்வொரு கரண்டு கம்பத்துக்கிட்டயும் நிக்கிறாரு. நாய் நிக்குற இடம் இல்லையா, அதான். ரெண்டு வருசமா வாசப்படி தாண்டாத மனுசன். டீக்கடைக்காரன் உள்ள இருந்தே, அண்ணாச்சி, நாய் எங்கன்னு கேட்டான். இவரு தலையைக் குனியலை. திரும்பிக்கூடப் பாக்காம சொன்னாரு.

"பின்னால வருது."

செண்பகத்துக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். போய்ப் படுத்துக்கிட்டா. அவரு வந்து குடையை உதறினப்போ தூங்குற மாதிரி கிடந்தா. இத்தனை நாள் கழிச்சு ஒரு மனுசன் தானா வெளிய இறங்கியிருக்காரு, கேட்டுவச்சா கூச்சப்பட்டு நின்னுருவாரோன்னு அவளுக்குப் பயம். அதனால ஒரு வார்த்தை கேக்கலை. வேலை விட்டு வந்ததும் சங்கிலி இடம் மாறியிருக்கான்னு மட்டும் பாப்பா. தினமும் மாறியிருக்கும்.

அடுத்து அவ அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து. ரெண்டு நாள் ஊருக்குப் போகணும். சட்டியில யாரு சோறு வைக்க? மாமாகிட்ட கேக்கவும் முடியலை, வேண்டாம்னு சொன்ன மனுசன்கிட்ட எப்படிக் கேக்க? போயிட்டு வந்து பாத்தா, சட்டி தேச்சுக் கழுவி வெயில்ல கவுத்தியிருக்கு. அவரு பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு, எல்லாத்தையும் காக்கா தின்னுட்டுப் போகுது, நாய் இருந்தா விரட்டும்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஏட்டி, தூங்கிட்டியா?

"ம்."

அது எந்த "ம்"? சரி, கேளு. பதினஞ்சாம் நாளு. ஞாயித்துக்கிழமை. வெள்ளத்தாயி ஒயர் கூடையில துண்டை விரிச்சு, குட்டிய வச்சுத் தூக்கிட்டு வந்துட்டா. அது கூடைக்குள்ள இருந்து ஞீ ஞீன்னு கத்துது. செண்பகத்துக்குக் கை துடிக்குது, ஆனா தொடலை. பொய் சொல்லி வாங்கக் கூடாதுன்னு நினைச்சா, நல்ல பொண்ணு. உள்ளதைச் சொன்னா. அக்கா, நான் பாஸாகலை, பாதி நாள் என்னால நடக்க முடியலை, வேலை அப்படி. மூணாவது சோதனைக்குக் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்தேன், மனசு வரலை, பழைய துண்டைத்தான் வச்சேன்னு சொன்னா. மாமா நடந்ததை மட்டும் சொல்லலை. அவரு மறைச்சு வச்சதை நாம எப்படிச் சொல்லன்னு விட்டுட்டா.

வெள்ளத்தாயிக்கும் மனசு கேக்கலைதான். ஆனா கூடைக்குள்ள கிடக்குறதுக்காகவும் யாராவது பேசணுமே? பரவாயில்லம்மா, இப்ப நேரம் சரியில்ல, அடுத்த ஈத்துல பாப்போம்னு சொல்லிட்டு கூடையைத் தூக்கினா.

"ஓல்டான்."

அய்யாத்துரை கதவுகிட்ட நிக்கிறாரு. வாசல்ல குனிஞ்சாரு. பேச்சியம்மா செருப்புல ஒண்ணை, அந்தப் பச்சை வாரு போட்டதை, கையில எடுத்தாரு. தூசி தட்டினாரு. நடந்து வந்து சோத்துச் சட்டிக்குப் பக்கத்துல வச்சாரு.

"நாய் கடிச்சுருச்சு."

செண்பகம் முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. வெள்ளத்தாயி மெதுவாக் கேட்டா, அண்ணாச்சி, நீங்கதானே போயிரும் போயிரும்னு வேண்டாம்னீங்களாம்?

"போகத்தான் செய்யும்," அப்படின்னாரு. "ஆனா பத்து நாளா இல்லாத ஒண்ணுக்காக எந்திரிச்சு நடந்திருக்கேன் தாயி. இருக்குற ஒண்ணு வந்தா எந்திரிக்க மாட்டேனா?"

வெள்ளத்தாயி கல்லு மாதிரி ஆளு. அவளே மூக்கை உறிஞ்சினா. கூடையைக் கீழ வச்சா. குட்டி தொபுக்னு வெளிய விழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் போய், செருப்பை மோந்து பாத்துட்டு வாரைப் பிடிச்சுக் கடிக்க ஆரம்பிச்சுருச்சு. கர்ர், கர்ர்ன்னு. செண்பகம் பதறிப் பிடுங்கப் போனா. அவரு கையைக் காட்டி நிப்பாட்டிட்டாரு. இது அதுக்கு இருக்கட்டும், அது எனக்கு இருக்கட்டும்னு வாசல்ல கிடந்த நீல வாரு செருப்பைக் காட்டினாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. ரெண்டு வருசம் கழிச்சு அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே துண்டால கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு.

அப்புறம் என்ன? மறுநாள் அஞ்சரைக்கு மறுபடியும் கிளிங் கிளிங். டீக்கடைக்காரன் பழக்கத்துல, அண்ணாச்சி நாய் எங்கன்னு கேட்டான். இந்தத் தடவை அவரு பதில் சொல்லலை. நாயே சொல்லிருச்சு, வள்ளுன்னு. அதுக்கு ரைட்டுன்னு பேரு வச்சுட்டாரு.

"அத்தை, எனக்கு?"

இன்னும் தூங்கலையா நீ? உனக்கு நாளைக்குச் சங்கிலி வாங்கித் தாரேன். வெறும் சங்கிலி. நீ மறந்துபோற அன்னைக்கு உங்கப்பன் அதைக் கையில எடுக்குறானான்னு பாப்போம், அதுக்கப்புறம் குட்டியைப் பத்திப் பேசுவோம். உனக்கு உசிரான பொருள் எதுன்னும் யோசிச்சு வச்சுக்கோ. என்ன தள்ளுற? குட்டித் தலகாணியா? ஏட்டி, அது இல்லாம உனக்குத் தூக்கமே வராதே. இதையா கடிக்கட்டுங்கிற?

"ம்."

என் தங்கமே. சரி, சரி, இன்னைக்கு நீயே கட்டிக்கோ. நாய்தான் இன்னும் வரலையே. கண்ணை மூடு. கதை வாலைச் சுருட்டிப் படுத்துருச்சு, நீயும் சுருண்டு படு.