இடக்கையில் கட்டிய துணி

“ஆசானே, என் பள்ளியை மூடிவிடலாம் என்றிருக்கிறேன்” என்றான் சேந்தன்.

அவனுக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசான் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். “ஏன், மாணவர் மக்குகளா?”

“இல்லை. கணக்கில் அவர்களை வெல்ல ஆளில்லை. அதுதான் துயரம்.”

நரை கண்ட தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவன் நடந்ததைச் சொன்னான்.

ஐப்பசி விடுப்பில் ஊர் ஏரிக்கரையில் வெடிப்பு விழுந்தது. மாணவர் அனைவரும் அதைக் கண்டிருந்தனர். அடைக்க எத்தனை வண்டி மண் வேண்டும் என்றுகூட ஒவ்வொருவனும் தனித்தனியே கணக்கிட்டு வைத்திருந்தான். ஒருவனும் மற்றவனிடம் வாய் திறக்கவில்லை. விடையைத் தானே முதலில் சொல்லிப் பாராட்டுப் பெறவேண்டும் என்று ஒவ்வொருவனும் பள்ளி திறப்பதற்காகக் காத்திருந்தான்.

அதற்குள் கரை உடைந்தது. நட்ட பயிரெல்லாம் வெள்ளத்தோடு போயிற்று.

“தை பிறக்கும்வரை பொறுப்போம், அப்புறமும் இதே பாடம்தான் என்றால் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்கிறார்கள் ஊரார். நான் என்ன செய்வேன்?”

“கப்பல் ஏறு. தீவில் ஒரு பள்ளி உண்டு. அங்கே பாடம் நடப்பதைப் பார்த்து வா.”

“எதைப் பார்க்க வேண்டும்?”

“அது எனக்குத் தெரிந்தால் உன்னை ஏன் அனுப்புகிறேன்?”

இக்கதையைச் சொல்லும்போது சில ஊர்களில் தீவென்று சொல்வதில்லை. மலைக்கு அப்பால் ஒரு நாடு என்பர். பள்ளி மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றுதான்.

மாலுமிகளிடம் அந்நாட்டு மொழியைப் பழகிக்கொண்டே சேந்தன் போய்ச் சேர்ந்தான்.

அந்தப் பள்ளியில் ஆசிரியை ஒரு வயலின் பரப்பைக் கேட்டாள். பிள்ளைகள் மணற்பலகையில் எழுதினர். எழுதியவர்கள் எழுந்து உலாவினர். ஒரு பையன் அடுத்தவள் பலகையை எட்டிப் பார்த்தான். திரும்பி வந்து தன்னுடையதை அழித்துவிட்டு வேறு எழுதினான்.

சேந்தன் பதறினான். “அம்மா, அங்கே பாருங்கள்! பார்த்து எழுதுகிறான்!”

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. “அப்படியா? இத்தனை நாள் அவன் எவர் பலகையையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.”

“விடை தவறாக இருந்தால்?”

“யார் கண்ணிலாவது படும். கண்டவர் சொல்லாமல் இருப்பாரா?”

சேந்தன் ஏரியை நினைத்துக்கொண்டான்.

அவள் அவனுக்கும் ஒரு பலகையைக் கொடுத்தாள். “எழுதுங்கள். இங்கே வேடிக்கை பார்க்க இடமில்லை.”

அவன் எழுதத் தொடங்கியதும் பக்கத்துச் சிறுமி கேட்டாள்: “பெரியவரே, கையில் அடியா?”

“இல்லையே.”

“பொய். அடிபட்ட கையைத்தான் இப்படி வைத்துக்கொள்வார்கள்.”

பிள்ளைகள் கூடிவிட்டனர். ஒருவன் கைமேல் ஊதினான். “என் மாமாவும் இப்படித்தான் வைத்திருந்தார். ஆனால் அவர் மரத்திலிருந்து விழுந்தவர்” என்றான் இன்னொருவன். சிறுமி தன் தலைத்துணியில் ஒரு கீற்றுக் கிழித்து அவனுடைய இடது முன்கையில் கட்டினாள். துணி பச்சை என்பாரும் உண்டு. மஞ்சள் என்பாரே மிகுதி.

“வலி நின்றால்தான் அவிழ்க்க வேண்டும்” என்றாள்.

சேந்தன் அவள் சொல்லைத் தட்டவில்லை. கட்டோடு ஊர் திரும்பினான்.

“என்ன கண்டாய்?” என்றார் ஆசான்.

“நம் பிள்ளைகள் வேகம், அவர்கள் நிதானம். நாம் மனப்பாடம் செய்விப்பதை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். பிரம்பு கிடையாது. சிரிப்போ ஓயாது. காலமெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது, ஆசானே. ஆனால் அங்கிருந்து எதை இங்கே கொண்டுவருவது? அதுதான் விளங்கவில்லை.”

“அது கிடக்கட்டும். கையில் என்ன கட்டு?”

வயல் கணக்கு எழுதும்போது நடந்ததைச் சேந்தன் சொன்னான். சொல்லும்போதே நகைத்தான். “வலியில்லை என்றால் அந்தக் குட்டி நம்பினால்தானே!”

ஆசான் நகைக்கவில்லை. மணற்பலகையை அவன் முன் தள்ளினார்.

“அந்த வயல் கணக்கை எழுது.”

விரல் மணலில் ஓடியது. பாதியில் நின்றது.

அவனுடைய இடக்கை, எவரும் ஏவாமலே, பலகையைச் சுற்றி வேலிபோல் வளைந்து கிடந்தது. எழுதியது அடுத்தவர் கண்ணில் படாதபடி. அறையில் ஆசானைத் தவிர வேறெவரும் இல்லை.

“என் பிள்ளைகளும் இப்படித்தான் எழுதுகிறார்கள்” என்றான் சேந்தன். “அவர்களுக்கு நான் பழக்கினேன். எனக்கு யார் பழக்கியது, ஆசானே?”

ஆசான் மணற்பலகையை ஓரமாக நகர்த்தினார்.

பிறகு தம் இடக்கையை அவன்முன் நீட்டினார்.

“துணி மிச்சம் இருக்கிறதா?”