தம்பியின் ட்ராக்

குருவைத் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் முக்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. ஆதாரமற்றது. முக்கால்வாசிப் பேர் கேட்பது, எதை வாங்கலாம் என்றுதான்.

பல் டாக்டர் மீனலோசனியும் அதைத்தான் கேட்டாள்.

“மாஸ்டர், பாட்காஸ்ட் பதிவு பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?”

உறையூரில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த எபநேசர், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எதுல பண்றீங்க?”

“மூணு மாத்திட்டேன். ஒண்ணு இலவசம். ஒண்ணுக்கு மாசாமாசம் பணம். இன்னொண்ணு இரைச்சலை அதுவே எடுத்துடும்னாங்க. மூணும் ஒரே லட்சணம்.”

“என்ன பண்ணுது?”

“எதிர்ல இருக்கறவங்க பேச்சை வெட்டுது.”

“உங்க பேச்சை?”

“வெட்டல. அதான் அதிசயம்.”

எபநேசர் கடலையைக் கீழே வைத்தார்.

ஊரைவிட்டுப் போனவர்களைப் பேட்டி காண்பது அவள் நிகழ்ச்சி. கடைசியாகப் பேச வந்தவன் அவள் தம்பி குகன். கல்லூரியில் படிக்கும்போதே ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய், பிறகு கப்பலில் சேர்ந்தவன். ஏன் போனான் என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை. மைக் முன்னால் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தான்.

“நாளன்னைக்கு மறுபடி கப்பலுக்குப் போறான் மாஸ்டர். இனி எப்ப வருவானோ. நாளைக்கு இன்னொரு தடவை உக்காருடான்னு கெஞ்சியிருக்கேன். அதையும் வெட்டிடுச்சுன்னா?”

“ஏன் போனாராம்?”

“அப்பா அடிச்சார், போயிட்டான். எனக்குத் தெரியாததா?”

“அவர் அப்படிச் சொன்னாரா?”

“அதைத்தானே சாஃப்ட்வேர் வெட்டிடுச்சுங்கறேன்!”

எபநேசர் அவளுடைய லேப்டாப்பை இழுத்துத் தன் பக்கம் திருப்பினார்.

திரையில் இரண்டு ட்ராக், ஒலி அலைகளின் கோடுகளாக. மேலே அவளுடையது, கரும்புக்காடுபோல் அடர்ந்திருந்தது. கீழே தம்பியுடையது, அங்கங்கே ஒரு புல்.

“ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ட்ராக். ஒழுங்காத்தானே பதிவாகியிருக்கு” என்றவர், மேலே இருந்ததை அணைத்துவிட்டுக் கீழே இருந்ததை மட்டும் ஓடவிட்டார்.

“நான் ஏன் போனேன்னா...”

மௌனம்.

“இல்லக்கா, அது வந்து...”

மௌனம்.

“அப்பா அன்னைக்கு...”

நீண்ட மௌனம்.

“ஆமாக்கா.”

இன்னும் நீண்ட மௌனம்.

“சரிக்கா. நீயே சொல்லு.”

“எங்கயாவது வெட்டு இருக்கா, டாக்டர்?”

அவள் மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். மின்விசிறி அறுபடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி தண்ணீர் குடிப்பது கேட்டது. அந்த மௌனங்களுக்குள், எங்கோ தூரத்தில், ஒரு பெண் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

எபநேசர் கடலைக்குத் திரும்பினார்.

“க்ளினிக்ல நீங்க கேள்வி கேட்டா, பேஷண்ட் என்ன பதில் சொல்வாங்க?”

“எப்படிச் சொல்வாங்க? வாயில என் கை இருக்குமே.”

“அப்ப பதிலு?”

“அதையும் நானே...”

அவள் லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

தாழ்ந்த குரலில் கேட்டாள். “சாஃப்ட்வேர்?”

“இலவசமா இருக்கறதே போதும்.”

மறுநாள் மதியம் தம்பியை உட்காரவைத்தாள். பதிவை ஓடவிட்டாள்.

“ஏன்டா போனே?”

கேட்டுவிட்டு, ஒரு பஞ்சுச் சுருளை எடுத்துத் தன் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

குகன் அக்காவைப் பார்த்தான். மைக்கைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்து, பழக்கத்தில், நிறுத்தினான்.

யாரும் குறுக்கே வரவில்லை.

“அப்பா அடிச்சதுக்காக இல்லக்கா” என்றான்.

அன்று மாலை க்ளினிக் திறக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியில் காத்திருந்த இருவர், எதிர்த்தெரு டாக்டரிடம் போனார்கள்.