மந்திரியார் போட்ட பாக்குக்கடை

முன்னொரு காலத்தில் குன்றை நாட்டைப் பரிதிகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால், கடைசியாக யார் வந்து பேசுகிறார்களோ அவர்கள் பேச்சே அவனுக்கு வேதவாக்கு.

அவன் சபையில் தித்தியப்பர் என்று ஒருவர் இருந்தார். ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடை அவருடையது. மந்திரி நல்லாதனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். மந்திரி வெளியூர் போன சமயம் பார்த்து, "பிரபு, கடைகளில் திருட்டு பெருகிவிட்டது. சந்தேகப்பட்ட ஆளைப் பிடித்து வைக்கவும் சோதிக்கவும் எங்களுக்கு உரிமை வேண்டும்" என்றார். ராஜாவும் முத்திரை குத்திவிட்டான்.

சில நாளில் மருத்துவச்சி வெள்ளச்சி அந்தக் கடைக்கு வந்தாள். குயவர் தெருவில் பிறக்கப்போகும் பிள்ளையைப் போர்த்த ஒரு துணி வேண்டும். எதுவும் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினாள்.

"வாங்காமல் போகிறவள் திருடாமலா போவாள்?" என்று தித்தியப்பர் அவளை மடக்கினார். நடுத்தெருவில் மடியை உதறி, கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காத கோபத்தில், பொழுது சாயும்வரை கிடங்கில் போட்டுப் பூட்டினார். அங்கே குயவர் தெருவில் ஒரு பெண் பிரசவ வலியில் வெள்ளச்சியை நினைத்துக் கதறிக்கொண்டிருந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல்.

ஊர் திரும்பிய மந்திரியிடம் வெள்ளச்சி அழுதாள். "திருடின்னு பேராயிடுச்சு ஐயா. இனிமே பிரசவத்துக்கு என்னை யாரு வீட்டுல கூப்பிடுவாங்க?"

மறுநாள் அரண்மனை வாசலில் மந்திரியே ஒரு பாக்குக்கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்! ராஜாவும் தித்தியப்பரும் சிரித்துக்கொண்டே வந்து பாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

"நில்லுங்கள்!" என்றார் மந்திரி. "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பிரபு, கிரீடத்தைக் கழற்றுங்கள். தித்தியப்பரே, வேட்டியை அவிழ்த்து உதறும்."

கூட்டம் கூடிவிட்டது. "என்னையா சோதிப்பீர்?" என்று சீறினான் ராஜா.

"தங்கள் ஆணைதான் பிரபு. 'ராஜா நீங்கலாக' என்று அதில் இல்லையே! தித்தியப்பரைப் பூட்டிவைக்க உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் இடம்கூட ஒழித்து வைத்திருக்கிறேன்."

"பிரபு, மானம் போகிறது!" என்று தித்தியப்பர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளச்சிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்று சொல்லி, மந்திரி நடந்ததையெல்லாம் விவரித்தார்.

ராஜாவின் முகம் சுண்டிவிட்டது. அங்கேயே ஆணையை மாற்றினான். "திருடியதைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் நிறுத்தலாம். காவலர் வரும்வரைதான் வைத்திருக்கலாம். பூட்டக்கூடாது. மேலே கை வைக்கக்கூடாது. சோதனை காவலர் வேலை. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்."

அதோடு விடவில்லை. தித்தியப்பர் தம் கடை வாசலில் நின்று, "வெள்ளச்சி திருடவில்லை, புத்தி கெட்டது எனக்குத்தான்" என்று தம் வாயாலேயே ஊருக்குச் சொல்லவேண்டியதாயிற்று. வெள்ளச்சி அரண்மனை மருத்துவச்சியானாள். மந்திரிக்கு ராஜா தன் முத்துமாலையைப் போட்டான்.

பிறகு மெல்லக் கேட்டான்: "அதெல்லாம் சரி, எத்தனை பாக்கு காணாமல் போயிற்று?"

"ஒன்றுகூடப் போகவில்லை பிரபு" என்றார் மந்திரி. "சந்தேகம் இருந்தால் போதும் என்றுதானே சட்டம் சொன்னது!"