சும்மா இருந்தவளின் சம்பளம்

கணக்கில் புலி என்று பெயர் வாங்கியவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது பணத்தைப் பற்றிய வழக்குதான். ஆனால் கூட்டிக் கழித்தால் மட்டும் தீராது.

நாமக்கல்லில் காளியண்ணன் என்றொரு லாரி முதலாளி. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பார்ட்டி எவ்வளவு வாடகை பாக்கி என்பதெல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஆசை இருந்தால் போதுமா, சாஃப்ட்வேர் எழுத ஆள் வேண்டாமா? கோயம்புத்தூரில் சின்னக் கம்பெனி நடத்தும் கௌதமன் ஒரு வழி சொன்னான். மூன்று இன்ஜினியர்களை ஆறு மாதத்துக்கு இவருக்கென்றே ஒதுக்கிவிடுவான். வேறு யார் வேலையையும் அவர்கள் தொடமாட்டார்கள். மாதாமாதம் சம்பளத்தை இவர் கொடுத்துவிட வேண்டும்.

"வேலை இல்லாம சும்மா உக்காந்திருந்தாலுங்களா?" என்று கேட்டார் காளியண்ணன்.

"ஆமாங்க. உங்களுக்காகத்தான உக்காந்திருப்பாங்க."

அவர் தலையாட்டினார். சரக்கை இறக்காமல் பார்ட்டி வண்டியை நிறுத்தி வைத்தால், நிற்கிற நாளுக்கும் காசு வாங்குவது லாரித் தொழிலில் உள்ள வழக்கம். ஹால்டிங் என்பார்கள். அதே வண்டி அந்த நாளில் வேறு லோடு ஏற்றிப் போய்விட்டால் ஹால்டிங் கேட்க எவனுக்கும் வாய் வராது.

பட்ஜெட் போட்டவள் திலகவதி. காளியண்ணன் ஆபீஸின் கணக்கு முழுக்க அவள் பொறுப்பு. சம்பளம், கம்ப்யூட்டர், வரி, கோயம்புத்தூர் போய்வர பஸ் செலவு என்று யோசித்து யோசித்து எழுதினாள். "இதுக்கு மேல ஒத்த ரூபா ஆகாதுங்க" என்றாள். அந்த வார்த்தையை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லாரி ஒன்றை முதலாளி விற்றார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை பாதியில் நின்றால் லாரியும் போச்சு, சாஃப்ட்வேரும் போச்சு, தன் பேச்சும் போச்சு என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதம் வேலை நன்றாகவே நடந்தது. நாலாவது மாதம் வண்டி மண்ணில் இறங்கியது மாதிரி நின்றுவிட்டது. ஒரே லோடை இரண்டு ஊரில் இறக்கினால் வாடகையை எப்படிப் பிரிப்பது, வழியில் டயர் வெடித்தால் செலவு யார் தலையில் என்று இன்ஜினியர்கள் கேட்டார்கள். அதெல்லாம் லாரி ஆபீஸில் புக்கிங் பார்க்கிற அர்த்தநாரிக்குத்தான் அத்துபடி. அவரோ லோடு குவிகிற மஞ்சள் அறுவடை சீசனில் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு, "நாளைக்குச் சொல்றனுங்க, நாளைக்கு" என்று மாதத்தையே ஓட்டினார். அவர் பதில் சொல்லும் நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார ஒரு மாற்றாள் வேண்டும் என்று திலகவதிக்குத் தோன்றவே இல்லை. பட்ஜெட்டில் பஸ் செலவு இருந்தது, அந்த மாற்றாளுக்குச் சம்பளம் இல்லை.

மாதக் கடைசியில் முதலாளியும் அவளும் கோயம்புத்தூர் போனார்கள். அங்கே இரண்டு இன்ஜினியர்கள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவள் பெனாசிர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காளியண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. "அவங்க ரெண்டு பேரும் மாடா உழைக்கறாங்க. இந்தப் புள்ளைக்கும் அதே சம்பளமா?"

திலகவதி அந்த இருவரின் திரையை எட்டிப் பார்த்தாள். அதில் லாரியே இல்லை. யாரோ ஒருவருடைய கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த நாள் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது!

பெனாசிர் மெதுவாகச் சொன்னாள்: "அந்த வேலைக்கு என்னையும் கூப்பிட்டாங்கக்கா. அர்த்தநாரி சார் எப்ப வேணா போன் பண்ணுவாருன்னு நான் போகல."

கௌதமன் மழுப்பவில்லை. "நீங்க பதில் சொல்லல. மாசம் பூரா ரெண்டு பேரை அந்த வேலையில போட்டேன். நீங்க கூப்பிட்டிருந்தா அந்த நிமிஷமே திரும்பியிருப்பாங்க. மூணு பேரும் உங்க ஆளுங்கதான், மூணு சம்பளமும் வேணும். இல்லைன்னா டீமை எடுத்துக்கறேன்."

"எனக்கு ஒரு வரி எழுதல, ஒத்தப் பைசா கிடையாது," என்றார் காளியண்ணன்.

இரண்டு பேரும் திலகவதியைப் பார்த்தார்கள். அவள் மனக்கணக்குப் போட்டாள். மூவருக்கும் கொடுத்தால், சும்மா போன மாதத்தை ஈடுகட்டக் காசு இராது, வேலை முடியாது. யாருக்கும் கொடுக்காவிட்டால் டீம் போய்விடும், அப்போதும் வேலை முடியாது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விற்ற லாரிக்குப் பலன் இல்லை.

கேட்டவர்களே, அவசரப்படாமல் சொல்லுங்கள். இவர்களில் யார் சொன்னது நியாயம்? அந்த மாதச் சம்பளம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

விடை: காளியண்ணன், கௌதமன் இருவர் சொன்னதும் நியாயமில்லை. உழைத்த இருவருக்கு இங்கே சம்பளம் இல்லை, சும்மா இருந்தவளுக்கு முழுச் சம்பளம் உண்டு. காளியண்ணன் விலைக்கு வாங்கியது அவர்கள் எழுதுகிற வரியை அல்ல, அவருக்கென்று ஒதுங்கியிருக்கும் நேரத்தை. பெனாசிர் அதைத் தந்தாள். மற்ற இருவரின் நேரத்தைக் கௌதமன் மண்டபக்காரருக்கு விற்றுவிட்டான், அவர்கள் சம்பளத்தை அங்கேதான் கேட்க வேண்டும். இப்படிப் பிரித்தால் இரண்டு சம்பளம் மிஞ்சும். ஈடுகட்டும் மாதத்துக்கு மூன்று வேண்டும், ஒன்று குறையும், அர்த்தநாரிக்கு மாற்றாளும் வேண்டும். திலகவதி இதைத்தான் சொன்னாள். வேறு வேலையைத் தொடமாட்டார்கள் என்று தானே கொடுத்த வாக்கு என்பதால் கௌதமன் ஒப்புக்கொண்டு டீமை விட்டுவைத்தான். பிறகு அவள் முதலாளி முகத்தை நேராகப் பார்த்து, "குறையறது என்னோட தப்புங்க. ஒத்த ரூபா ஆகாதுன்னு சொன்ன வாயாலயே இன்னும் பணம் கேக்கறேன்" என்றாள். காளியண்ணன் திட்டினார், கொஞ்சமாக அல்ல. திட்டி முடித்துவிட்டுக் கொடுத்தார்.