ஹவில்தார் இஞ்ஞாசிக்கு எந்தக் குழி?

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சிற்றூர். அங்கே கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு குழிதான். ஒருவரை அடக்கம் செய்தால் பதினான்கு வருடம் திறக்க மாட்டார்கள். அதன்பின் எலும்புகளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவரை இறக்குவார்கள்.

ஹவில்தார் இஞ்ஞாசி பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். ஊர் திரும்பியபின், வெள்ளம் வந்தால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முதலில் இறங்குவார். யாருக்குப் பிரசவ வலி என்றாலும் அவருடைய ஜீப்தான். மனைவி மதலேனம் சாகும்போது மகள் பிலோமியின் முன்னால் சொன்னார்: “பதினேழு வருஷம் உன்னைத் தனியா விட்டுட்டேன். இனி ரெண்டு பேருக்கும் ஒரே குழிதான்.”

பதினைந்து வருடம் கழித்து ஒரு பெருவெள்ளம். ஜெசிந்தா என்பவளின் பதினோரு நாள் குழந்தை காய்ச்சலில் இறந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கத் தண்ணீர். மேட்டில் இருந்த மதலேனத்தின் குழி மட்டும் நனையவில்லை.

“என் இடத்துல வைங்க” என்றார் இஞ்ஞாசி. அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது.

வெளியூரில் இருந்த பிலோமி செய்தி கேட்டாள். கைப்பிள்ளைக்கெல்லாம் வருடக் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருடத்தில் இஞ்ஞாசியும் போய்ச் சேர்ந்தார். பிலோமி குழியைத் திறக்கச் சொன்னாள். ஜெசிந்தா ஓடிவந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“எழுந்திரு ஜெசிந்தா. உன் பிள்ளையை வெளியே போடவா சொல்றேன்? எடுத்து, அப்பாவோட சேர்த்து வைப்பாங்க.”

“எடுக்கிறப்ப நான் பார்க்கணுமேக்கா. மூணு வருஷத்துல என்ன இருக்கும்னு நினைச்சீங்களா?”

“ஹவில்தார் செத்தும் ஊரை வெயில்ல நிக்க வைக்கிறாருப்பா” என்றார் கூட்டத்தில் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

குழி உங்களுடையது, விதியைத் தளர்த்துகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பிலோமியிடம் சொல்லிவிட்டார் பங்குச்சாமியார். அவள் வெட்டியான் வேதமுத்துவைப் பார்த்தாள். “வெட்டுங்கண்ணே.”

வேதமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்தார். “பிள்ளையை வச்ச அன்னைக்கே ஐயா மதில் ஓரமா, குழி இல்லாதவங்களைப் போடுற பக்கம், எனக்கு இடம் காட்டிட்டாருத்தா. பதினாலு வருஷம் நான் இருக்கமாட்டேன், என்னை இங்கே போடுன்னாரு. அவரா கேட்டாருன்னு உனக்குத் தெரியக்கூடாது, விதியாலன்னே நீ நினைக்கணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீ தாங்கமாட்டியாம்.”

பிலோமி கேட்டாள்: “அம்மாகிட்ட கேட்டாரா?”

படிக்கிறவர்களே, தாய்க்குத் தந்த வாக்கை நிறைவேற்றக் கேட்ட மகள், குழியை மறித்துப் பிள்ளையைக் காத்தவள், சத்தியத்தை மீறிச் சொன்ன வேதமுத்து. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வேதமுத்து. மகள் கேட்டது அன்பினால். ஆனால் அவள் கேட்ட இடத்தைத் தகப்பன் தெரிந்தே கொடுத்துவிட்டார்; கொடுத்ததைத் திரும்ப வாங்கப் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. ஜெசிந்தா செய்தது எந்தத் தாயும் செய்வது. அதில் சரி தவறு பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வேதமுத்துவின் சத்தியம் பிலோமியின் மனம் நோகாதிருக்க வாங்கப்பட்டது. அதை அவர் காப்பாற்றியிருந்தால் ஒரு குழந்தையின் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்திருக்கும். ஆகவே அவர் சொன்னதே சரி. இஞ்ஞாசியை மதில் ஓரம் அடக்கம் செய்தார்கள். மதலேனத்துக்குத் துணையாக அவள் கண்டிராத ஒரு குழந்தை கிடக்கிறது. அது போதுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.