கொட்டாத தேள்

சருகில் கால்கள் உதைத்துக்கொள்ளும் சத்தம். சில்வண்டு அதை மறக்கவே இல்லை. சின்ன வயதில், அதன் அண்ணனைச் செந்தேள் கொட்டிய அன்று கேட்டது. கொஞ்ச நேரம் சரசரவென்று, பிறகு மெல்ல, பிறகு ஒன்றுமில்லை. அன்றுமுதல் எந்தத் தேளைக் கண்டாலும் அது முதலில் வாலைத்தான் பார்க்கும்.

அந்தக் கோடையில் காட்டோடை வற்றிப்போனது. பாறை இடுக்கு ஒன்றில் மட்டும் ஈரம் கசிந்தது. இடுக்கின் வாசலில் ஒரு கிழட்டுக் கருந்தேள் படுத்திருந்தது.

"அங்கே போகாதே தம்பி," என்றது மரவட்டை. "இத்தனை கால் இருந்தும் எனக்கே அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை."

"அதன் வாலைப் பார்த்தாயா அக்கா? நூல் மாதிரி இருக்கிறது. செந்தேளின் வால் எவ்வளவு தடிமன் தெரியுமா?"

"வால் கிடக்கட்டும். கைகளைப் பார். நண்டுக்கே பொறாமை வரும்."

"கையா கொட்டும்?" என்று சிரித்தது சில்வண்டு. தாகத்தில் அதற்குப் பாட்டு நின்று பல நாளாகியிருந்தது.

மெல்ல அடியெடுத்து வைத்தது. கருந்தேளுக்குக் கண் மங்கல். ஆனால் மண்ணின் சிறு அதிர்வும் அதன் கால்களுக்குத் தெரிந்துவிடும்.

"யாரப்பா, தண்ணீருக்கா?"

"ஆமாம் பெரியவரே. கொட்டுவீர்களா?"

"விஷம் ஊற எத்தனை நாளாகிறது தெரியுமா? இந்த வயதில் அதை உன்மேல் வீணாக்குவேனா? துள்ளாமல் இருந்தால் கொட்ட மாட்டேன்."

சொன்னது பொய்யில்லை. தேள் தன் வாலைத் தரையில் சாய்த்துப் போட்டது.

சில்வண்டுக்கு நெஞ்சு லேசானது. வாலைவிட்டுக் கண்ணெடுக்காமல் உள்ளே நடந்தது. வால் அசையவில்லை. கால் நுனியில் ஈரம் பட்டது. ஒரு சொட்டுக் குடித்தது. எவ்வளவு இனிப்பு! அப்போதும் அதன் பார்வை வாலில்தான் இருந்தது.

இரண்டு பக்கமிருந்தும் கைகள் வந்து மூடின.

"கொட்ட மாட்டேன் என்றீர்களே!"

"கொட்டவில்லையே அப்பா," என்றது தேள், வருத்தமாகவே. "எனக்கும் பசி."

மரவட்டை தூரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சருகில் ஒரு சத்தமும் எழவில்லை.

முன்பு பட்ட காயத்தையே பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு, அடுத்த ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாமல் போய்விடும்.

கருந்தேள் சொன்ன சொல் தவறவில்லை. சில்வண்டைக் கடைசிவரை அது கொட்டவே இல்லை.